கொலாஜன் ஊசியும் ஒரு வெளுத்த மூக்கும்

தோல் மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: "மேடம், வர்றவங்க எல்லாரும் கொலாஜன், கொலாஜன்னு கேக்கறாங்க. பவுடர் குடிக்கலாமா, க்ரீம் தடவலாமா, ஊசி போடலாமா? நான் என்ன சொல்றது?"

கேள்வியைக் கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருந்தாலும் தோல் என்றால் இன்னும் அதே பரபரப்புதான். சுருக்கமான பதிலை அவரிடம் அப்போதே சொல்லிவிட்டேன். நீளமான பதில் தென்காசியில் ஒரு சனிக்கிழமை மதியம் நடந்தது. அதை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமான பதில். நம் தோலின் மேல்படலத்துக்குக் கீழே கயிறு கயிறாகப் பின்னிக் கிடக்கும் புரதம்தான் கொலாஜன். கயிற்றுக் கட்டில் புதிதாக இருக்கும்போது விறைப்பாக நம்மைத் தாங்கும், நாள்பட நடுவில் தொய்ந்துபோகும். தோலும் அப்படித்தான். இளமை முடிவதற்கு முன்பே கயிறு திரிப்பது குறையத் தொடங்கிவிடுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் இன்னும் வேகமாகக் குறைகிறது. அதன்மேல் வெயிலும் புகையும் சேர்ந்து, இருக்கிற கயிற்றையும் அறுக்கின்றன. கொலாஜனைக் க்ரீமாகத் தடவினால் அது தோலுக்குள் இறங்காது, அந்த மூலக்கூறு அவ்வளவு பெரியது. பவுடராகக் குடித்தால் வயிறு அதை மற்றப் புரதத்தைப் போலவே உடைத்துச் செரிக்கிறது. கொஞ்சம் பலன் உண்டு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் நான் அதற்கு உறுதி தர மாட்டேன். உறுதியாகச் சொல்லக்கூடியது வெயில் தடுக்கும் களிம்பையும், இரவில் தடவும் வைட்டமின் ஏ வகை மருந்தையும், பொறுமையையும்தான். இதில் மூன்றாவதைத்தான் யாரும் வாங்குவதில்லை.

சிக்கந்தரும் வாங்கவில்லை.

கடையநல்லூர்க்காரர். ஒரு ஜூன் மாதம் என் கிளினிக்குக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, என்ன சொல்வது என்று தயங்கினார். அதற்குள் நான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். இடது கன்னம் முழுக்க ஆழமான கோடுகள், பழுப்புத் திட்டுகள், கண்ணுக்குக் கீழே தொங்கும் தோல். வலது கன்னம் நன்றாக இருந்தது. ஒரே முகத்தில் அண்ணனும் தம்பியும் பாதிப் பாதி உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

"பாய், வெளிநாட்டுல வண்டி ஓட்டுனீங்களா?" என்றேன்.

அவர் அப்படியே திகைத்துவிட்டார். "சவுதில டிரெய்லர் ஓட்டுனேன். யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"ஒங்க இடது கன்னம்தான் சொல்லுது."

நம் ஊரில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருகிறார், அங்கே இடது பக்கம். ஜன்னல் கண்ணாடி ஏறியிருந்தாலும் தோலை முதுமையாக்கும் கதிர் அதன் வழியாக உள்ளே வந்துவிடும். அவர் பாலைவனத்தில் ஓட்டிய ஒவ்வொரு வருடமும் அந்த ஜன்னல் பக்கம் கொலாஜன் அறுந்துகொண்டே இருந்திருக்கிறது. இதை அவருக்கு விளக்கும்போது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்தது என் எதிரே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தது.

அவருக்கு அந்த உற்சாகம் தொற்றவில்லை. மகள் நஸ்ரினுக்கு ஆடி பிறக்கும் முன்னே நிக்காஹ். நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் இவரைப் பெண்ணின் தாத்தா என்று நினைத்து, "பொண்ணோட வாப்பா லீவு கெடைக்காம சவுதிலேயே நின்னுட்டாரோ" என்று இவரிடமே விசாரித்துவிட்டாராம்.

"நா சிரிச்சிட்டு நாந்தேன்னு சொல்லிட்டேன், டாக்டரம்மா. எம் மவ சிரிக்கல. உள்ள போயி அழுதுட்டா," என்றார். "கொலாஜன் ஊசி போட்டா ஒரே நாள்ல சரியாவுமாம்லா. அதப் போட்டு விடுங்க."

ஒரே நாளில் எதுவும் ஆகாது என்றேன். களிம்புகள் எழுதிக் கொடுத்தேன். மாதக்கணக்கில் பொறுத்தால் நல்ல மாற்றம் தெரியும் என்றேன். அவர் நன்றி சொல்லி எழுந்துபோனார். அந்த நன்றியைக் கேட்டபோதே தெரிந்தது, அவர் வேறு எங்கோ போகப்போகிறார்.

நான் சொன்ன சனிக்கிழமை அதற்குப் பிறகு சில வாரங்கள் கழித்து வந்தது. குற்றாலத்தில் நல்ல சீசன். சாரல் தென்காசி வரைக்கும் வந்து தெருவை நனைத்துக்கொண்டிருந்தது. வெளியூர் வண்டிகள் குற்றாலம் ரோட்டில் ஒன்றன் பின் ஒன்றாக நகராமல் நின்றன. மதியச் சாப்பாட்டுக்கு நான் எழும் நேரம். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது, முழுக்க நனைந்திருந்தாள். அவள் கையைப் பிடித்தபடி சிக்கந்தர். அவர் முகத்தின் இடது பக்கத்தில் ஒரு ஐஸ் பொட்டலம்.

"டாக்டர், எம் பேரு செல்வி. குத்தாலத்துல பார்லர் வச்சிருக்கேன். இவருக்கு ஊசி போட்டேன். மூக்கு வெளுத்துப் போச்சு. ஆட்டோ நவரல, பாதி தூரம் நடத்தியே கூட்டிட்டு வந்தேன்."

ஐஸை எடுத்தேன். மூக்கின் இடது மடலும் அதை ஒட்டிய கன்னமும் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தன. அதைச் சுற்றிக் கன்னத்தில் வலை பின்னியது போல ஊதாக் கோடுகள். விரலால் அழுத்தி எடுத்தேன். நல்ல தோலில் அழுத்தி எடுத்த இடம் உடனே சிவக்க வேண்டும். இங்கே சிவப்பு திரும்பவே இல்லை.

இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது. ஊசியில் போன பொருள் குழாய்க்குள் போயிருக்கிறது, அல்லது வெளியே இருந்து குழாயை நெரிக்கிறது. விட்டால் அந்தத் தோல் செத்துக் கருத்து உதிர்ந்துவிடும். மூக்கின் மடல் போனால் முகத்தில் குழி விழும். அதைவிட மோசமாக இன்னொன்றும் உண்டு. அந்தக் குழாய்களுக்குக் கண்ணோடு தொடர்பு இருக்கிறது.

"பாய், கண்ணு நல்லாத் தெரியுதா?" ஒரு கண்ணை மூடிக் கை விரல்களைக் காட்டினேன். சரியாகச் சொன்னார். மூச்சு விட்டேன்.

இப்போது கவனியுங்கள். அந்த நிமிடத்தில் என் மனதில் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். செல்வியை அறைய வேண்டும் போல இருந்தது. படிக்காத வேலையைச் செய்ய உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கத்த வேண்டும் போல இருந்தது. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அப்போது எனக்கு அவளிடமிருந்து ஒன்று வேண்டியிருந்தது, உண்மை. கத்தினால் அவள் பயந்து, தப்பிக்கிற பதிலைத்தான் சொல்வாள். அதனால் குரலைத் தாழ்த்தி, அவளை என் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்தேன்.

"ஏட்டி, என்ன மருந்து போட்ட?"

"கொலாஜன் ஊசி, டாக்டர். சாமான் கொண்டு வாரவரு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு. ரெண்டு நாள் கிளாஸ் எடுத்தாங்க. மூக்குக்கும் வாய்க்கும் நடுவுல இருக்க கோட்டுல போடச் சொன்னாங்க."

கொலாஜன் ஊசி என்ற பெயரில் சந்தையில் பல பொருள்கள் ஓடுகின்றன. சில ஹயலூரானிக் அமில ஜெல். அதைக் கரைக்க மருந்து இருக்கிறது. சில சுண்ணாம்புச் சத்துத் துகள்கள் கலந்த பசை, தோலைத் தூண்டிக் கொலாஜன் திரிக்க வைக்கும் வகை. அதைக் கரைக்க ஒன்றும் கிடையாது. எது போனது என்று தெரியாமல் நான் எதைச் செய்வது? அவளுக்கும் பெயர் தெரியவில்லை. சாமான் விற்றவர் போனை எடுக்கவில்லை.

"செல்வி, பேர விடு. ஊசிக்குள்ள பாக்கும்போது எப்படி இருந்துச்சு? பால் மாதிரி வெள்ளையா, கண்ணாடி மாதிரித் தெளிவா?"

கண்ணை மூடி யோசித்தாள். "தெளிவா இருந்துச்சு. கத்தாழையைச் சீவினா சோறு வருமே, அது மாதிரி வழுவழுன்னு."

எனக்கு நாற்காலியை விட்டுத் துள்ள வேண்டும் போல இருந்தது. வெள்ளைப் பசை இல்லை. அநேகமாக ஹயலூரானிக் ஜெல். கரைக்கலாம்.

கரைக்கும் மருந்துக்குப் பெயர் ஹயலூரானிடேஸ். என் கிளினிக்கில் அது இல்லை. நான் முகத்தில் ஜெல் ஊசி போடும் மருத்துவர் இல்லை, அதனால் வாங்கி வைக்கவில்லை. தென்காசி மருந்துக் கடைகளிலும் கிடைக்காது. திருநெல்வேலிக்கு அனுப்பலாம். ஆனால் அந்த மழையில், அந்த நெரிசலில், வண்டி போய்ச் சேருவதற்குள் தோல் எவ்வளவு தாங்கும்? 'நீ போட்ட ஊசி இல்லை, எழுதிக் கொடுத்து அனுப்பிவிடு' என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் உங்களுக்கும் கேட்கும். அது எப்போதும் மிக நாகரிகமாகத்தான் பேசும்.

வேறு யாரிடம் இந்த மருந்து இருக்கும் என்று யோசித்தேன். சட்டென்று வந்தது. கண் மருத்துவர்கள். கண்ணில் புரை எடுக்கும் முன் மரத்துப்போக வைக்கும் ஊசி நன்றாகப் பரவ வேண்டும் என்று அதனுடன் இதைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். எங்கள் தெரு முனையிலேயே ஒரு சின்ன கண் மருத்துவமனை இருந்தது. அங்கே அழைத்தேன், நர்ஸ் எடுத்தார். டாக்டர் குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போய்விட்டார், அவர் சொல்லாமல் தியேட்டர் மருந்தைத் தர முடியாது என்றார். அவர் சொன்னது சரிதான்.

டாக்டருடைய போனை அவர் மனைவி எடுத்தார். பின்னால் அருவி இரைச்சல். நான் கத்தியது அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். ஆனால் 'மூக்கு', 'கண்ணு' என்ற இரண்டு சொற்கள் போதுமானதாக இருந்தன. கொஞ்ச நேரத்தில் டாக்டரே பேசினார்.

"அக்கா, இப்பதான் தண்ணிக்குள்ள தலையக் குடுத்தேன். என்ன விஷயம்?"

சொன்னேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பார்வை நல்லாருக்கா?"

"இப்ப வரைக்கும் இருக்கு."

"நர்ஸ்ட்ட சொல்லுதேன், இருக்கதெல்லாம் கொண்டு வந்துரும். நானும் வாரேன். யாராவது பைக்ல கொண்டு விட்டுருவாங்க."

நர்ஸ் ஐஸ் குடுவையில் மருந்தோடு ஓடி வந்தார். அதற்குள் செல்வியிடம் ஒரு துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து சிக்கந்தர் கன்னத்தில் வைக்கச் சொல்லியிருந்தேன். ஐஸ் குழாயைச் சுருக்கும், நமக்கு அது விரிய வேண்டும். ஒரு ஆஸ்பிரின் மாத்திரையும் கொடுத்தாகிவிட்டது.

அப்போதுதான் நஸ்ரின் வந்தாள். வெளியே போன வாப்பா போனை எடுக்கவில்லை என்று தேடி, பார்லருக்குப் போனதாகக் கேள்விப்பட்டு, செல்வியை அழைத்து, விஷயம் தெரிந்து வந்திருக்கிறாள். வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். செல்வியைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "டாக்டர், பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறோம். பெரிய ஆஸ்பத்திரில பாத்துக்கிடுதோம்," என்றாள்.

"கூட்டிட்டுப் போலாம்மா. முதல்ல இந்த ஊசியப் போட்டுக்கிடுவோம். ரோட்ல போற நேரம் தோலுக்கு நல்லதில்ல." பிறகு சிக்கந்தரிடம் திரும்பினேன். "பாய், தேனீ, குளவி கொட்டி எப்பவாவது மூச்சு முட்டியிருக்கா?"

நஸ்ரினுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூக்கு வெளுத்துக் கெடக்கு. குளவிக் கதை இப்ப எதுக்கு?"

அந்தப் பூச்சிகளின் விஷத்திலும் இதே வகைப் பொருள் இருக்கிறது, அதற்கு ஒவ்வாமை இருப்பவருக்கு இந்த மருந்தும் ஆபத்தாகலாம் என்று சொன்னேன். அவள் வாப்பா பக்கம் திரும்பினாள். சிக்கந்தர் யோசித்து, "கடையத்துப் பக்கம் ஒரு தோப்புல கொட்டிருக்கு. வீங்குச்சு, ரெண்டு நாள்ல வத்திருச்சு. மூச்செல்லாம் முட்டல," என்றார். ஒவ்வாமை வந்தால் கொடுக்க வேண்டிய மருந்தையும் ஊசியில் ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்கினேன்.

வெளுத்த இடம் முழுவதும் போட்டேன். தேய்த்துவிட்டேன். அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில்தான் நஸ்ரின் கேட்டாள். "ஏன் வாப்பா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"நிக்காஹ் அன்னைக்கு ஒம் பக்கத்துல நிக்கணும்லா. அன்னைக்கு நீ அழுதல்லா," என்றார்.

"நா எதுக்கு அழுதேன்னு நெனச்சீங்க? ஒங்க முகத்தப் பாத்து வெக்கப்பட்டேன்னா? எங்களுக்காவல்லா வெயில்ல கெடந்து இப்படி ஆயிட்டீங்க, அத அந்த ஆளுகிட்ட சொல்லத் தெரியலையேன்னு அழுதேன்."

செல்வி துண்டை மறுபடி வெந்நீரில் முக்கிப் பிழிந்தாள். சிக்கந்தரின் கன்னத்தில் பதமாக வைத்தாள். நான் அதைக் கவனித்தேன்.

மறுபடி அழுத்திப் பார்த்தேன். அதே வெளுப்பு. நஸ்ரின் எழுந்து, "டாக்டர், போறோம். வண்டி சொல்லுதேன்," என்றாள்.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்திக் கேட்கிறேன். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? என் ஊகம் தவறாக இருக்கலாம். கற்றாழைச் சோறு என்றது வேறு பொருளாக இருக்கலாம். அனுப்பினால் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்த மருந்து ஒரு தடவையில் நின்றுவிடக் கூடாது. அடைத்தது பெரிய குழாய் என்றால் நிறையப் போட வேண்டும், திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஒரு முறை பலன் தெரியவில்லை என்பதற்காகச் செய்வதே தவறு என்று ஆகிவிடாது. அந்த ஊதாக் கோடுகளின் ஓரத்தை மறுபடி பார்த்தேன். முதலில் இருந்ததை விட அது பரவவில்லை. அது ஒன்றுதான் என் கையில் இருந்த ஆதாரம்.

"இன்னொரு தடவை போடுதேன். அதுக்கப்புறமும் மாறலேன்னா நானே ஒங்க கூட வண்டில ஏறுதேன்," என்றேன்.

நஸ்ரின் என்னை ஒரு கணம் பார்த்தாள். "போடுங்க," என்று உட்கார்ந்தாள்.

இந்த முறை வெளுத்த இடத்தோடு நிற்காமல், அந்தக் குழாய் ஓடும் வழி நெடுகவும் போட்டேன். தேய்த்தேன். வெந்நீர்த் துண்டு. மறுபடி தேய்த்தேன். கண் மருத்துவர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். இடுப்பில் ஈர வேட்டி, தோளில் துண்டு, தலையிலிருந்து எண்ணெயும் தண்ணீரும் சொட்டின. யாரும் சிரிக்கவில்லை. நேராகக் கண்ணுக்கு விளக்கடித்து உள்ளே பார்த்து, "கண்ணு நல்லாருக்கு அக்கா. கவலைப்படாதீங்க," என்றார்.

அந்த வெளிச்சம் மூக்கின் மேல் இருந்தபோது செல்வி சொன்னாள்: "டாக்டர், இங்கன பாருங்க."

மூக்கு மடலின் விளிம்பில் ஒரு மெல்லிய ரோஸ் நிறம். அழுத்தினேன், எடுத்தேன். மெதுவாக, மிக மெதுவாக, சிவப்பு திரும்பி வந்தது. மறுபடி அழுத்தினேன். இந்த முறை இன்னும் சீக்கிரம் வந்தது. நான் எத்தனையோ பேருடைய தோலைப் பார்த்திருக்கிறேன். ஒரு சிவப்பு நிறத்துக்காக அப்படி மகிழ்ந்ததில்லை. நஸ்ரின் குனிந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மருத்துவர் ஈர வேட்டியோடு நாற்காலியில் விழுந்து, "ஒரு காப்பி கெடைக்குமா அக்கா?" என்றார்.

சாயங்காலத்துக்குள் இன்னும் ஒரு முறை போட்டேன். ஊதா வலை முழுக்கக் கலைந்தது. அடுத்து வந்த நாள்களில் தினமும் பார்த்தேன். மடலின் ஓரத்தில் மட்டும் மிளகு அளவுக்கு ஒரு பொருக்கு தங்கியது. அதற்கும் ஆழமில்லை.

செல்வியிடம் நான் பேச வேண்டியதைப் பிறகு பேசினேன். அதைக் கேட்டுக்கொண்டு, மீதமிருந்த ஊசிகளை எல்லாம் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "டாக்டர், இனிமே யாரு முகத்துலயும் ஊசி எடுக்க மாட்டேன்," என்றாள். அவள் ஐஸ் வைத்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிப் போகிறவர்களைப் பற்றியும் எனக்குத் தெரியும். படித்துப் பட்டம் வாங்கியவர்களும் அதில் உண்டு. நாளை உங்கள் கையால் ஒருவருக்கு வெளுத்துப்போனால், முதல் வேலை மறைப்பதல்ல. யாரையாவது அழையுங்கள். அருவியில் நிற்பவரையும் அழையுங்கள். யாராவது உங்களை அழைக்கும்போது, கோபத்தை அப்புறம் வைத்துக்கொண்டு முதலில் போனை எடுங்கள்.

நிக்காஹ் அன்று காலை நான் வீட்டில் இருந்தேன், மதிய விருந்துக்குத்தான் போக நினைத்திருந்தேன். போன் அடித்தது. செல்வி.

"எங்கட்டி இருக்க?"

"கடையநல்லூர்ல, டாக்டர். நஸ்ரின் வீட்ல. மேக்கப் போட என்னையத்தான் கூப்பிடணும்னு அது ஒத்தக் கால்ல நின்னுச்சாம். அவங்க உம்மாவுக்கு இஷ்டமில்ல. 'எங்க வாப்பாவ விட்டுட்டு ஓடாத பொண்ணு, அதுதான் வரணும்'னு நஸ்ரின் சொல்லிருச்சாம்." "பொண்ணுக்குப் போட்டு முடிச்சிட்டேன், டாக்டர். நல்லா வந்துருக்கு. இப்ப பாய் மூக்குல இருக்க பொருக்க மறைச்சு விடச் சொல்லுதாங்க வீட்ல. லேசா பவுடர் போட்டா தெரியாது. போடலாமா?"

ஊசி இல்லை, ஜெல் இல்லை. வெறும் பவுடர். அதற்கு அவள் என்னைக் கேட்கிறாள்.

"தொடாத. நான் குடுத்த களிம்ப மட்டும் தடவு. பொருக்கு தெரியட்டும்."

"சரி டாக்டர்." போனை வைக்காமலே அவள் உள்ளே பார்த்துச் சொல்வது கேட்டது: "பாய், டாக்டர் பவுடர் வேண்டாம்ட்டாங்க." அதற்குச் சிக்கந்தர் ஏதோ சொன்னார். எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் நிறையப் பேர் சேர்ந்து சிரித்தது கேட்டது, அதில் நஸ்ரினின் சிரிப்பும் இருந்தது.